வழியில்லை என்னும் எண்ணம்

ஒரு கொள்கையை நிலைநாட்டப் புறப்பட்டவர், தாம் திரட்டிய சான்றுகளாலேயே அக்கொள்கையைக் கைவிட நேர்ந்த வரலாறுகள் அறிவியலிலே சில உண்டு. அவற்றுள் ஒன்று, அமெரிக்காவிலுள்ள பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவராகப் பணியாற்றிய ஆரன் பெக் என்பவரைப் பற்றியது. மனச்சோர்வு என்னும் நோயைப் பற்றியும், அந்நோய் ஒருவரைத் தற்கொலை வரை இட்டுச் செல்லும் பாதையைப் பற்றியும் இன்று உலகம் அறிந்திருப்பவற்றுள் பெரும் பகுதி அவரிடமிருந்தும் அவரோடு உழைத்தவர்களிடமிருந்தும் வந்ததாகும். மாணவரோடு நாள்தோறும் பழகும் ஆசிரியரும், மாந்தர் துயரத்தையே பொருளாகக் கொண்டு எழுதும் எழுத்தாளரும் இதனை அறிந்திருத்தல் வேண்டும் என்று கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

பெக் 1921 ஆம் ஆண்டு, ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பமொன்றிலே பிறந்தார். அவர் பிறப்பதற்கு முன்னர், உலகெங்கும் பரவிய இன்புளுவென்சா நோய்க்கு அவருடைய தமக்கை பலியானாள். அத்துயரில் மூழ்கிய தாய், மகன் பிறந்த பின்னரே ஓரளவு தேறினார். தாம் முதன்முதலிற் குணப்படுத்திய நோயாளி தம் தாயே என்று பெக் பிற்காலத்தில் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. மருத்துவம் பயின்ற அவர், பிராய்ட் வகுத்த உளப்பகுப்பு நெறியிலே முறையாகப் பயிற்சி பெற்றார். அந்நெறியில் உறுதியான பற்றும் கொண்டிருந்தார்.

மனச்சோர்வுக்குப் பிராய்ட் 1917 ஆம் ஆண்டில் ஒரு விளக்கம் அளித்திருந்தார். இழந்துவிட்ட அன்புக்குரியவர் மீது எழும் சினம் வெளியே செல்ல வழியின்றித் தன்மீதே திரும்புகின்றது. அதுவே நோயாகின்றது என்பது அதன் சாரம். இஃது உண்மையாயின், நோயாளரின் கனவுகளிலே அச்சினம் வெளிப்படுதல் வேண்டுமன்றோ? பெக் அவ்வாறே எதிர்பார்த்து, 1950களின் பிற்பகுதியில் மனச்சோர்வுற்றோரின் கனவுகளைத் திரட்டிப் பிற நோயாளரின் கனவுகளோடு ஒப்பு நோக்கினார். சினம் மிகுந்து காணப்படவில்லை. தோல்வி, இழப்பு, புறக்கணிப்பு, விரும்பியது கைகூடாமை ஆகியனவே மீண்டும் மீண்டும் வந்தன. அப்பொழுதும் அவர் கொள்கையை விட்டுவிடவில்லை. துன்புற வேண்டுமென்ற மறைவான விருப்பமே இக்கனவுகளைத் தோற்றுவிக்கின்றது போலும் என்று எண்ணினார். அதனையும் சோதித்தார். நோயாளருக்குச் சில எளிய பணிகளைக் கொடுத்து, அவற்றில் அவர்கள் வெற்றி பெறுமாறு செய்தார். துன்பத்தை விரும்புகின்றவன் வெற்றியைக் கண்டு வாடுதல் வேண்டும். அவர்களோ மலர்ந்தார்கள், அடுத்த பணியையும் செய்யலாம் என்ற துணிவு கொண்டார்கள். கனவிலே தோன்றியது நனவிலே அவர்கள் ஓயாது சொல்லிக்கொண்டிருந்ததே என்பது அவருக்கு மெல்ல விளங்கிற்று. தம்மைத் தோற்றவர் என்று அவர்கள் கருதினார்கள். கனவும் அதனையே காட்டிற்று. மறைபொருள் என்று தேட எதுவும் இருக்கவில்லை.

அக்காலத்து நிகழ்ந்த ஒரு சிறு சம்பவத்தையும் பெக் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். உளப்பகுப்பு முறைப்படி ஒரு பெண் நோயாளி, மனத்தில் எழுவதையெல்லாம் ஒளிக்காமற் சொல்லிக்கொண்டிருந்தார். தம் காதல் அனுபவங்களை விரித்துரைத்த பின்னர் ஒருவகைப் பதற்றம் தோன்றுவதாகக் கூறினார். அவ்வனுபவங்கள் எழுப்பும் குற்றவுணர்வே அதற்குக் காரணமென்று பெக் நூன்முறைப்படி விளக்கம் கொடுத்தார். பெண்ணோ, ‘அப்படியன்று, நான் பேசுவது உங்களுக்குச் சலிப்பாயிருக்கிறதோ என்றுதான் இவ்வளவு நேரமும் எண்ணிக்கொண்டிருந்தேன்’ என்ற பொருள்பட விடையளித்தார். வாய் ஒன்றைப் பேசிக்கொண்டிருக்க, அடியிலே வேறொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது! மற்ற நோயாளரையும் கேட்டபோது அவர்களுக்குள்ளும் அத்தகையதொரு பேச்சு இருந்தது. ‘நான் சலிப்பூட்டுகிறவள்’, ‘நான் எதற்கும் உதவாதவன்’, ‘எனக்கு இதுவும் கைகூடாது’ என்றெல்லாம் குறுகிய சொற்களில், கேளாமலே வந்து விழும் எண்ணங்கள் அவை. மிக விரைவாக வந்து போவதால் எண்ணம் மறைந்துவிடும். அது விட்டுச்சென்ற துயரம் மாத்திரமே நிற்கும்.

1960களின் தொடக்கத்தில் பெக் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இக்கருத்து உருப்பெற்றது. மனச்சோர்வுற்றவர் மூன்றைப் பற்றி இருளாகவே எண்ணுகின்றார்: தம்மைப் பற்றி, தம்மைச் சூழ்ந்த உலகைப் பற்றி, வருங்காலத்தைப் பற்றி. துயரம் மிகுந்ததனால் எண்ணம் இருண்டது என்றே அதுகாறும் கருதினர். எண்ணமே துயரத்தை ஊட்டி வளர்க்கின்றது என்றார் பெக். எண்ணத்தைப் பரிசோதிக்கக் கற்றுக்கொடுத்தால் துயரமும் குறையும் என்பது இதன் வழிவந்த மருத்துவம். அதற்கு அறிகைச் சிகிச்சை என்று பெயர். அறிகை என்னும் சொல் நம் கல்லூரி ஆசிரியர்களுக்குப் புதிதன்று. பியாஜேயின் பெயரோடு அதனைப் பயிற்சிக் காலத்திலேயே கேட்டிருப்பர். இச்சிகிச்சையின் தத்துவ வேரைப் பெக் தாமே கிரேக்க, ரோம நாட்டு ஸ்டொயிக்கர்களிடம் கண்டார். அவர்களுள் ஒருவரான எபிக்டெட்டஸ் பிறப்பிலே அடிமை. மனிதரைக் கலங்கச் செய்வன நிகழ்ச்சிகள் அல்ல, அந்நிகழ்ச்சிகளைப் பற்றி அவர்கள் கொள்ளும் தீர்ப்புகளே என்று அவர் போதித்தார். கால்விலங்கை அறிந்த ஒருவர் சொன்னதனால் அதனை நான் சற்று மரியாதையோடு கேட்கிறேன். செல்வர் எவரேனும் சொல்லியிருந்தால் அவ்வளவு எளிதில் ஏற்றிருக்க மாட்டேன்.

‘நல்லதையே நினை, நல்லதே நடக்கும்’ என்று ஊரார் கூறும் உபதேசந்தானே இது என்று சிலர் கேட்கக்கூடும். அன்று. அவ்வுபதேசத்தால் நோயாளிக்குக் கேடே மிகும். நல்லதை நினைக்கக்கூட இயலாதவன் என்ற புதியதொரு பழியும் அவன் தலையில் விழும். அறிகைச் சிகிச்சை எண்ணத்தை மாற்றும்படி கட்டளையிடுவதில்லை, சான்று கேட்கிறது. ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். க.பொ.த. சாதாரணதரப் பரீட்சையில் எட்டுப் பாடங்களிற் சித்தியடைந்து கணிதத்தில் தவறிய மாணவன் ஒருவன், ‘என் வாழ்வு முடிந்துவிட்டது’ என்கிறான். ‘கவலைப்படாதே, எல்லாம் சரியாகும்’ என்று நாம் முதுகைத் தட்டுவோம். அவன் தலையசைப்பான், நம்ப மாட்டான். சிகிச்சையாளரோ அந்த வசனத்தை அவனையே ஒரு தாளில் எழுதச் சொல்வார். அதனை எவ்வளவு நம்புகிறாய், நூற்றுக்கு எத்தனை என்று கேட்பார். முடிந்துவிட்டது என்பதற்குச் சான்று எது? எதிர்ச்சான்று உண்டா? கணிதத்திலே தவறி மறுமுறை எழுதிய எவரையேனும் அறிவாயா? அவர் இன்று என்ன செய்கிறார்? இதே பெறுபேற்றோடு உன் நண்பன் வந்து நின்றால் உன் வாழ்வு முடிந்தது என்று அவனிடம் சொல்வாயா? சொல்லமாட்டாயெனில், அவனுக்கு ஒரு நீதி, உனக்கு ஒரு நீதி ஏன்? இறுதியில் அவன் நம்பிக்கை நூற்றுக்குத் தொண்ணூறிலிருந்து அறுபதாக இறங்கினாற் போதும். அந்த முப்பதிலே மூச்சுவிட இடமுண்டு.

எண்ணம் உண்மையாகவே இருந்தால்? கணவனை இழந்தவள், கடனில் மூழ்கியவன், தொழில் போனவன் ஆகியோரிடம் சான்று கேட்பது கொடுமையன்றோ? இக்கேள்வி எனக்கும் நெடுநாள் இருந்தது. இழப்பு நிகழவில்லை என்று சிகிச்சை வாதாடுவதில்லை. ‘கடன் இருக்கிறது’ என்பது செய்தி. ‘ஆதலால் நான் என் பிள்ளைகளுக்குப் பாரம்’ என்பது தீர்ப்பு. செய்தியை ஏற்றுக்கொண்டு அதற்கு வழி தேடுவதும், தீர்ப்பை எடுத்து விசாரிப்பதும் வெவ்வேறு வேலைகள். இரண்டையும் சிகிச்சையாளர் நோயாளியோடு சேர்ந்தே செய்கின்றார். படுக்கையை விட்டு எழாதவரிடம் முதல்நாளே தத்துவம் பேசுவதுமில்லை. முகம் கழுவுதல், பத்து நிமிடம் நடத்தல் என்று சிறு சிறு செயல்களை மணிக்கணக்குப்படி வகுத்து, ‘என்னால் எதுவும் இயலாது’ என்பதைச் செயலாலேயே சோதிக்கச் செய்கின்றனர். நம் பாட்டிமார் துக்க வீட்டிலே மெல்ல ஒரு வேலையைக் கையில் கொடுத்ததும் இதனோடு ஒருவகையில் உறவுடையதே.

இச்சிகிச்சை பலன் தருகின்றதா என்பதை மருந்தோடு ஒப்பிட்டு முதலிற் சோதித்த ஆராய்ச்சி 1977 ஆம் ஆண்டு வெளிவந்தது. 41 நோயாளரே அதில் பங்குபற்றினர். இமிப்பிரமின் என்ற அக்காலத்து மருந்தைவிட அறிகைச் சிகிச்சை மேலான பலன் தந்தது. ஆயின் 1989 ஆம் ஆண்டு வெளிவந்த பெரியதோர் ஆராய்ச்சியில், கடுமையான மனச்சோர்வுடையோருக்கு மருந்து கொடுத்த அளவு பயனை அது கொடுக்கவில்லை. வாதம் தொடர்ந்தது. 2005 ஆம் ஆண்டு 240 நோயாளரைக் கொண்டு நடந்த ஆராய்ச்சியில் இரண்டும் பதினாறு வாரத்தில் ஒத்த பயனையே தந்தன. அதன் தொடர்ச்சியே எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது: குணமடைந்த பின் அடுத்த ஓராண்டில், மருந்தை நிறுத்தியவருள் ஏறத்தாழ 76 சதவீதத்தினருக்கு நோய் திரும்பிற்று, அறிகைச் சிகிச்சையை முடித்துக்கொண்டவருள் ஏறத்தாழ 31 சதவீதத்தினருக்கே திரும்பிற்று. கற்றுக்கொண்டது கையில் நிற்கிறது என்று கொள்ளலாம். இதனைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்துவோர் எவரேனும் இருந்தால் அது பெருந்தவறு. அதனை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும்.

நிற்க. மனச்சோர்வு உடையோர் எல்லோரும் தற்கொலையை நாடுவதில்லை. நாடுவோரிடம் மிகுந்திருப்பது எது? துயரத்தின் அளவைவிட நம்பிக்கையிழப்பின் அளவே அபாயத்தைக் காட்டுகின்றது என்பது பெக்கின் இரண்டாவது பெரிய கண்டுபிடிப்பு. வருங்காலத்தைப் பற்றிய இருபது வசனங்களுக்கு ‘உண்மை’ அல்லது ‘பொய்’ என விடையளிக்கும் அளவுகோலொன்றை 1974 ஆம் ஆண்டில் அவரும் துணைவரும் வெளியிட்டனர். தற்கொலை எண்ணத்தோடு வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட 207 பேரை அவர்கள் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். அவர்களுள் 14 பேர் பின்னர் தற்கொலை செய்துகொண்டனர். அளவுகோலுக்கு விடையளித்திருந்த 11 பேரில் 10 பேர், அதில் உயர்ந்த புள்ளி பெற்றவராயிருந்தனர். இச்செய்தி 1985 ஆம் ஆண்டு வெளியானது. உடனே இதனைச் சோதிடம்போல் எவரும் கையாளலாகாது. உயர்ந்த புள்ளி பெற்றவருள் மிகப் பெரும்பாலோர் உயிரோடு வாழ்ந்தனர் என்பதும் அதே ஆராய்ச்சியின் உண்மை. தற்கொலையை எண்ணுபவர் உள்ளத்தில் சாகும் விருப்போடு வாழும் விருப்பும் போராடுகின்றது என்பதையும் பெக் வற்புறுத்தினார். சாவை நாடுபவர் சாவையே முழுதாக விரும்புகிறார் என்ற பொதுவான நம்பிக்கை தவறானது. தாங்கமுடியாத நிலையினின்று தப்ப வேறு வழி அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

இக்கருத்தை நேரே சிகிச்சையாக்கிச் சோதித்த ஆராய்ச்சி பிலடெல்பியா நகரில் நடந்து 2005 ஆம் ஆண்டு வெளிவந்தது. கிரெகரி பிரவுன், பெக் முதலானோர் நடத்தியது. தற்கொலைக்கு முயன்று அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்ட 120 பேரை இரு கூறாக்கினர். ஒரு சாராருக்கு வழக்கமான பராமரிப்பு. மறு சாராருக்கு அதனோடு பத்து அமர்வுகள் அறிகைச் சிகிச்சை. பதினெட்டு மாதங்களுள் மீண்டும் முயன்றோர், வழக்கமான பராமரிப்பில் ஏறத்தாழ 42 சதவீதம். சிகிச்சை பெற்றோரில் 24 சதவீதம். நம்பிக்கையிழப்பும் அவர்களிடம் குறைந்திருந்தது. ஆராயப்பட்டவை முயற்சிகளே, மரணங்களைப் பற்றித் தீர்ப்புக் கூற 120 பேர் போதாது.

இதில் ஒரு செய்தி என்னைப் பலநாள் சிந்திக்க வைத்தது. தற்கொலை எண்ணம் எழுவதிலே இரு சாராருக்கும் கருதத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எண்ணம் வந்துகொண்டுதான் இருந்தது. ஆயின் வந்தபோது என்ன செய்வது என்பதைச் சிகிச்சை பெற்றவர் அறிந்திருந்தனர். அப்பத்து அமர்வுகளில் என்ன நடந்தது? முதலில், முயன்ற நாளின் கதையை நோயாளி முழுமையாகச் சொல்கிறார்: எது நடந்தது, எந்த எண்ணம் எழுந்தது, எங்கே வழி அடைபட்டதாகத் தோன்றியது என்று. பின்னர் அவ்வெண்ணத்துக்குரிய விடையைச் சிறு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். வாழ்வதற்கான காரணங்களை நினைவூட்டும் பொருள்களை ஒரு பெட்டியிலே சேர்க்கிறார்; பிள்ளையின் படம், பழைய கடிதம், வழிபாட்டுப் பொருள், எதுவாயினும் ஆகலாம். இக்கட்டான வேளையில் நினைவு துரோகம் செய்யும், பெட்டி செய்யாது. இறுதி அமர்வுகளில் அதே கொடிய நாளை மனத்தளவில் மீண்டும் கடந்து, இம்முறை கற்ற வழிகளைக் கைக்கொள்ளுமாறு பயிற்றுகின்றனர். நாடக ஒத்திகையைப் போன்றது. அதிலே தவறினால் விடை கொடுத்து அனுப்புவதில்லை, மேலும் பயிற்சி தருகின்றனர்.

அந்த இக்கட்டான வேளை கடந்துபோகக் கூடியது என்பதற்கு நம் நாடே உலகுக்குச் சான்றாய் நிற்கிறது. 1995 ஆம் ஆண்டளவில் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் மாண்டனர். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் அஃது ஒன்று. கொடிய நச்சுத்தன்மையுள்ள விவசாய இரசாயனங்கள் 1990களில் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. அதன் பின் வீதம் வீழ்ந்தது; பத்தாண்டில் ஏறத்தாழப் பாதியாயிற்று. மனிதர் துன்பம் அப்பத்தாண்டில் பாதியாகவில்லை என்பதை நாம் அறிவோம். அந்த வேளையைத் தாண்டியவர்கள் பல்லாயிரவர். தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாகக் கொண்ட சட்டமும் 1998 ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. அதற்கு முன்னர், பிழைத்தவன் முதலிற் காண்பது மருத்துவரையா பொலிசாரையா என்ற அச்சமும் இருந்தது.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். ‘சாகும் எண்ணம் உண்டா என்று மாணவனிடம் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டியவர்களாவோமே’ என்ற தயக்கம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. நியூயோர்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த 2342 மாணவரைக் கொண்டு இதனை ஆராய்ந்தனர். 2005 ஆம் ஆண்டு வெளிவந்த முடிவின்படி, கேட்கப்பட்டோருக்கு அதனால் துயரமோ தற்கொலை எண்ணமோ மிகவில்லை. மனச்சோர்வுடையோரிடம் அது சற்றே குறைந்தும் இருந்தது. கேட்கலாம்; தனியே, அமைதியாக, நேரான சொற்களிற் கேட்கலாம். கேட்டபின் அவனைத் தனியே விடாது உரியவரிடம் சேர்ப்பிக்கவும் வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் அதற்கென்றே உள்ளது. 1974 ஆம் ஆண்டு தொடங்கிய சுமித்ரயோவும் இப்பணியைச் செய்துவருகிறது.

உளமருத்துவர் அரிதான நாடுகளுக்கு இச்சிகிச்சை எட்டாக்கனி என்றும் எண்ணவேண்டியதில்லை. பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களில், மனச்சோர்வுற்ற 903 கர்ப்பிணிகளைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி 2008 ஆம் ஆண்டு வெளிவந்தது. சிகிச்சை அளித்தோர் மருத்துவர் அல்லர். வீடுவீடாகச் செல்லும் சுகாதாரப் பணிப்பெண்கள். குழந்தை பிறந்து ஆறு மாதத்தில், அப்பயிற்சி பெற்ற பணிப்பெண்கள் சென்ற தாய்மாருள் 23 சதவீதத்தினரே மனச்சோர்வுடையராயிருந்தனர். மற்ற ஊர்களில் 53 சதவீதம். நம் குடும்பநலத் தாதியர் ஒவ்வொரு வீட்டு வாசலையும் அறிந்தவர்கள் என்பதை இங்கு சொல்லாமலிருக்க முடியவில்லை.

எழுத்தாளரிடம் எனக்கு ஒரு வழக்கு உண்டு. பாடசாலைச் சிறுகதைப் போட்டிகளுக்கு நடுவராக நான் சென்றுவரும் பல ஆண்டுகளில், கிணற்றடியிலே முடியும் கதைகளை எண்ணி மாளவில்லை. கதாநாயகி வஞ்சிக்கப்படுகிறாள், கிணறு. மகன் பரீட்சையில் தவறுகிறான். அவனுக்கும் ஏதோ ஒன்று. பிள்ளைகளைக் குறை சொல்லேன். நாம் எழுதியதைப் படித்தே அவர்கள் எழுதுகிறார்கள். வேறு வழி கதாசிரியனுக்கும் தெரியவில்லை. பாத்திரத்தின் குறுகிய பார்வையை அவனும் பகிர்ந்துகொண்டு அதனையே அவலச்சுவை என்று நம்புகிறான். ஜேர்மானியப் பெருங்கவி கதே 1774 ஆம் ஆண்டு எழுதிய வேர்தர் நாவலைப் படித்து இளைஞர் சிலர் அவன் வழி சென்றனர் என்ற அச்சத்தால் அதனைத் தடைசெய்த நகரங்களும் இருந்தன. பத்திரிகை முகப்பில் தற்கொலைச் செய்தி வந்தபின் தற்கொலைகள் மிகுவதை 1974 ஆம் ஆண்டு ஆராய்ந்து காட்டிய டேவிட் பிலிப்ஸ் அந்நாவலின் பெயரையே அவ்விளைவுக்குச் சூட்டினார். இதற்கு மறுதலையும் உண்டு. இக்கட்டைத் தாண்டி வாழ்ந்தவரைப் பற்றிய செய்திகளுக்குப் பின் தற்கொலை குறைந்திருந்ததை ஒஸ்திரிய ஆராய்ச்சியாளர் 2010 ஆம் ஆண்டு கண்டனர். அவ்விளைவுக்கு மொசாட்டின் இசைநாடகத்திலே வரும் பப்பகேனோவின் பெயரை இட்டனர். காதலியை இழந்ததாக எண்ணி உயிர்விடத் துணிந்த அப்பறவை பிடிப்பவனிடம் மூன்று சிறுவர் வந்து, உன் கையிலே மணிகள் உண்டே, அவற்றை ஒலித்துப் பார் என்கின்றனர். அவன் அதனை மறந்தே போயிருந்தான்.

சென்ற ஆண்டு வந்த கதைகளுள் ஒன்றிலே, பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது, அந்தப் பெண் கிணற்றடி வரை போகிறாள். பின்னர் அயல்வீட்டுப் படலையைத் தட்டி, ‘இண்டைக்கு உங்களோடை படுக்கட்டே, மாமி?’ என்று கேட்கிறாள். மாமி காரணம் கேட்காமல் பாய் விரிக்கிறாள். நடையிலே தளர்ச்சி இருந்தது. எழுத்துப் பிழைகளும் குறைவில்லை. முதற் பரிசு அதற்கே என்று நான் நின்றேன். மற்ற இரு நடுவரும் உடன்படவில்லை. கதை ‘முடிவில்லாமல்’ நிற்கிறது என்றார்கள். இரண்டாம் பரிசு கொடுத்தோம்.